சுத்தியலை எடுக்கறதுக்கு முன்னாடி

ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஒருத்தன் ராத்திரி பூரா ஒரே மாதிரி வீடியோ பார்ப்பான். அமெரிக்காவுல யாரோ ஒருத்தர், வீட்டு கராஜ்ல மேஜை மேல துணி விரிச்சு, ரைஃபிளோட பாகங்களை வரிசையா அடுக்கி, வெறும் கைக்கருவிகளை வச்சே அதைச் சேர்த்து முடிப்பார். இவன் வாயைப் பொளந்துட்டு பார்ப்பான். "டேய், நம்ம ஊர்ல இதைப் பண்ண முடியுமாடா?" முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தோட 5-ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாம துப்பாக்கி தயாரிக்கறதும் குற்றம், பழுது பார்க்கறதும் குற்றம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்ச தண்டனையே 7 வருஷம். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சது.

ஆனா அந்த வீடியோவைத் துப்பாக்கிக்காகப் பார்க்காம, அந்த ஆளோட கையைப் பார்த்தீங்கன்னா வேற விஷயம் தெரியும். அவர் எதையும் முரட்டுத்தனமா அடிக்கறதில்ல. ஒவ்வொரு திருகுக்கும் அளவு பார்த்துத் திருப்புளி மாத்தறார். பின்னைத் தட்ட பித்தளைச் சுத்தியல், வைஸ்ல கடிக்க வைக்கும்போது நடுவுல ஒரு மென்மையான கட்டை, முறுக்கறதுக்கு டார்க் ரெஞ்ச். இந்தக் கருவி எல்லாமே நம்ம ஊர் கடையில கிடைக்கறது. இதே கையோட பிரிச்சுச் சேர்க்க வேண்டிய ஒரு பொருள் உங்க வீட்டுச் சம்ப் தொட்டி ஓரமா உட்கார்ந்திருக்கு. அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் பம்ப்.

கோயம்புத்தூர்ல இருந்துட்டு பம்பைப் பத்தி எழுதறதுக்குக் காரணம் தேட வேண்டியதில்ல. 1926-ல பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மழை கம்மியான கொங்கு மண்ணுல கிணத்துக்கு அடியில கிடந்த தண்ணியை மேல ஏத்த வேண்டிய கட்டாயம் ஏற்கனவே இருந்தது. இந்த மூணும் சேர்ந்து பட்டறைக்குப் பட்டறை பம்ப் செய்யற ஊரா இதை ஆக்கிடுச்சு. இன்னொரு பழைய கதையும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சூலூர் பக்கம் கலங்கல்ல 1893-ல பிறந்த ஜி.டி. நாயுடு, ஹோட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட இருந்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கினதும் ஓட்டிக் காட்டறதை விட்டுட்டு, அதை முழுசாப் பிரிச்சுத் திரும்பச் சேர்த்தார். அவரோட எஞ்சினியரிங் காலேஜ் அதுதான்.

நானும் அவர் மாதிரி ஆகிடலாம்னுதான் செகண்ட் இயர் லீவுல எங்க வீட்டு மோட்டார்ல கை வச்சேன். எங்க ஊருக்குக் குழாய்த் தண்ணி சில நாளைக்கு ஒருக்கா வரும். வர்றது சம்ப்ல நிறையும், சம்ப்ல இருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏத்தணும். மோட்டார் படுத்துச்சுன்னா வீடே படுத்துடும். அன்னிக்கு மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவுல சொட்டுச் சொட்டாத் தண்ணி ஒழுகிட்டு இருந்தது. மெக்கானிக்கல் சீல் போயிடுச்சு, அவ்வளவுதான் பிரச்சினை. என்கிட்ட இருந்த கருவி மூணு: ஒரு திருப்புளி, ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், அப்புச்சி தென்னை மட்டைக்கு ஆப்பு அடிக்கற ஒரு சுத்தியல்.

சாயங்காலத்துக்குள்ள கழட்டிட்டேன், மறுநாள் மாட்டியும் முடிச்சுட்டேன். ஒழுகல் நின்னது. மூணு வாரம் கழிச்சு மோட்டார் உள்ளே கரகரன்னு அரைக்க ஆரம்பிச்சது, அப்புறம் ஒரு நாள் காலையில நின்னே போச்சு. அம்மா ரெண்டு நாள் சம்ப்ல இருந்து குடத்துல மொண்டு மாடிப்படி ஏறினாங்க. திட்டவே இல்ல, அதுதான் கஷ்டமா இருந்தது. பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்த அண்ணன் ஃபேன் கவர் திருகு, போல்ட் தலை, பேரிங்னு ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க மோட்டாரைக் கழட்டலீங்க, அடிச்சிருக்கீங்க." கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "சுத்தியல்ல அடிக்கறது தப்பில்லீங்க. அடி எங்க போய்ச் சேருதுன்னு பாக்கோணும்" அப்படின்னார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ரெண்டாவது வரியோட விளக்கம்தான். கைக்கருவிங்கறது உங்க கையோட விசையை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போற பாதை. சரியான கருவி விசையைத் தாங்கக்கூடிய இடத்துல கொண்டு போய்ச் சேர்க்கும். தப்பான கருவி தாங்க முடியாத இடத்துல இறக்கும். கருவி வாங்கும்போதும் சரி, பிடிக்கும்போதும் சரி, கேட்க வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்.

முதல்ல கருவியே இல்லாம செய்ய வேண்டிய வேலை. சுவிட்சை ஆஃப் பண்ணாப் போதாது, பிளக்கைப் புடுங்குங்க. நேரா வயர் கொடுத்திருந்தா மெயினை இறக்குங்க. சிங்கிள் ஃபேஸ் மோட்டார்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், மேலேயே 440 வோல்ட்னு எழுதியிருக்கும். கரண்ட் இல்லைன்னாலும் அது சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கலாம். திருப்புளியைக் குறுக்க வச்சுப் பொறி பறக்க விடறதை எல்லாரும் செய்யறாங்க. அது கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. பழைய 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரோட ரெண்டு வயர் வச்சு, கெப்பாசிட்டரோட ரெண்டு முனையிலயும் கொஞ்ச நேரம் தொட வைங்க. போதும்.

அப்புறம் போன்ல போட்டோ எடுங்க, ஒவ்வொரு பாகம் கழட்டறதுக்கு முன்னாடியும். முன்பக்க மூடியும் உடம்பும் சேர்ற இடத்துல சென்டர் பஞ்சால ஒரு புள்ளி, பின்பக்கம் ரெண்டு புள்ளி. திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி நேரா வரணும். கழட்டின திருகை எல்லாம் வரிசையாப் போட எங்க வீட்டுல நான் பயன்படுத்தறது பழைய இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு வகை. அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க.

இப்போ திருப்புளி. ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் லேப்ல நமக்கு எம்.எஸ். பிளேட்டை அரத்தால ராவி வி-ஃபிட்டிங் செய்யச் சொன்னாங்க, திருப்புளி பிடிக்க யாரும் சொல்லித் தரல. அது எல்லாருக்கும் தெரியும்ங்கற நம்பிக்கை. எனக்குத் தெரியல. நேர்கோட்டுத் தலை இருக்கற திருகுன்னா, திருப்புளியோட முனை அகலம் அந்தக் காடியோட அகலத்துக்குச் சமமா இருக்கணும், தடிமன் காடியை நிறைக்கணும். கடையில கிடைக்கற சாதாரண திருப்புளி முனை ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கும். திருப்பும்போது அந்தச் சரிவுல ஏறி முனை வெளியே வழுக்கும், போகும்போது காடியோட உதட்டைப் பிய்ச்சுட்டுப் போகும். துப்பாக்கிக் கம்மியர்கள் இதனாலதான் முனையோட ரெண்டு பக்கத்தையும் இணையா இருக்கற மாதிரி உட்குழிவாத் தீட்டின திருப்புளி வச்சிருப்பாங்க. அங்கே திருகு காடி ரொம்ப ஒல்லி, ஒரு கீறல் விழுந்தாலும் பொருளோட மதிப்பு போயிடும். நமக்கு அந்த அளவு வேண்டாம், ஆனா முனை தேய்ஞ்சு உருண்டு போன திருப்புளியைப் பெயின்ட் டப்பா திறக்க ஒதுக்கிடுங்க.

நட்சத்திரத் தலைன்னு நாம பொதுவாச் சொல்றதுல மூணு நாலு ஜாதி இருக்கு. அமெரிக்காவுல ஹென்றி ஃபிலிப்ஸ் 1930-கள்ல பிரபலமாக்கின தலைதான் நம்ம ஊர்ல பெரும்பாலும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அளவு எண் உண்டு. வீட்டு மோட்டார் ஃபேன் கவர்ல இருக்கறது பெரும்பாலும் 2-ஆம் எண். ஒண்ணாம் எண் திருப்புளியும் அதுல உள்ளே போகும், சுத்தவும் செய்யும், அதுதான் ஆபத்து. நடுவுல மட்டும் கடிச்சுத் தலையைக் குடைஞ்சுடும். பெருக்கல் குறிக்கு நடுவுல மெல்லிசா இன்னும் நாலு கோடு தெரிஞ்சா அது போசிடிரைவ், அதுக்குத் தனித் திருப்புளி. ஜப்பான் பைக்குகள்ல வர்ற தலை இன்னொரு வகை, தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும். ஃபிலிப்ஸ் போட்டுத் திருப்பினா அதுவும் நாசம். எல்லாத்துக்கும் பொது விதி: திருப்பற பலத்தை விட அமுக்கற பலம் அதிகமா இருக்கணும். உடம்பு எடையைத் திருப்புளிக்கு நேர் மேல கொண்டு வாங்க. துரு பிடிச்சு அசையலைன்னா துரு நீக்கும் எண்ணெய் விட்டுட்டு டீ குடிக்கப் போங்க. அரைமணி நேரம் கழிச்சு வர்றவன் புத்திசாலி.

அடுத்து ஸ்பேனர், நான் அதிகமா அடிபட்ட இடம். பம்ப் கேசிங்ல நாலு போல்ட். எம்8 போல்ட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனர். எட்டுக்கு எட்டு ஏன் இல்லைன்னு கேட்கற ஜூனியர்களுக்கு: எம்8-ங்கறது மரையோட விட்டம், 13-ங்கறது தலையோட எதிரெதிர்ப் பக்கத்துக்கு நடுவுல இருக்கற தூரம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. எம்5-க்கு 8, எம்6-க்கு 10. எம்10-க்குப் பழைய தரத்துல 17, புதுசுல 16. அந்த ஒரு மில்லிமீட்டர்ல பல போல்ட் தலை உருண்டு போயிருக்கு, அளந்து பார்த்துட்டுப் போடுங்க.

ஓப்பன் ஸ்பேனர் ஆறு பக்கத்துல ரெண்டு பக்கத்தை மட்டும்தான் தொடும். ரிங் ஸ்பேனர் சுத்தியும் ஆறு மூலையிலயும் பிடிக்கும். அதனால இறுகிக் கிடக்கறதை முதல் திருப்பு ரிங்ல திருப்பி, இளகினதும் ஓப்பன்ல வேகமா எடுக்கறது பட்டறை வழக்கம். ஒரு முனை ரிங், ஒரு முனை ஓப்பன் இருக்கற காம்பினேஷன் ஸ்பேனர் இருந்தா ஒரே கருவியில ரெண்டும் ஆச்சு. ஓப்பன் முனையை உத்துப் பாருங்க, வாய் கைப்பிடிக்கு நேரா இருக்காது, 15 டிகிரி சாஞ்சிருக்கும். ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? நெருக்கடியான இடத்துல கொஞ்சமாத் திருப்பிட்டு, ஸ்பேனரைத் தலைகீழாக் கவுத்துப் போட்டா, மறுபடி பிடி கிடைக்கும். 60 டிகிரி வீசத் தேவைப்பட்ட இடத்துல 30 டிகிரி போதும். இதை எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்ல, பட்டறைப் பையன். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவன்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இல்லாம இருக்க முடியாதுன்னா அதையாவது சரியாப் பிடிங்க. நகராத தாடை விசையைத் தாங்கணும், நகர்ற தாடை நீங்க இழுக்கற திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் பிடிச்சா நகர்ற தாடை லேசா விரியும், தலையோட மூலை மழுங்கும். என் எம்8 போல்ட் அப்படித்தான் உருண்டது. ஸ்பேனர் எதுவா இருந்தாலும் உங்களைப் பார்த்து இழுங்க. வெளியே தள்ளித்தான் ஆகணும்னா விரலை மடக்காம உள்ளங்கையால தள்ளுங்க. வழுக்கினா முட்டி போய் வார்ப்பிரும்புல இடிக்கும். அந்த வலியை எழுத்துல சொல்ல முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு, எஞ்சினியரிங் காலேஜ் இதழ்ல கணக்கு இல்லைன்னா எடிட்டர் விட மாட்டார். தலையில 8.8-னு எழுதியிருக்கற எம்8 போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 13-ஆம் நம்பர் ஸ்பேனரோட நீளம் கிட்டத்தட்ட 160 மில்லிமீட்டர். அப்போ கை கொடுக்க வேண்டிய விசை 156 நியூட்டன், அதாவது 16 கிலோ எடையைத் தூக்கற அளவு. ஒரு சாதாரண ஆள் ஒரு கையால நல்லா இழுத்தா இது வந்துடும். ஸ்பேனர் செய்யறவங்க நீளத்தைத் தோணினபடி வைக்கறதில்ல. போல்ட் எவ்வளவு தாங்குமோ அதுக்கு ஏத்த நீளம்தான் கொடுத்திருக்காங்க. இப்போ நீங்க "இன்னும் டைட்டா இருக்கட்டும்"னு 600 மில்லிமீட்டருக்கு ஒரு ஜி.ஐ. பைப்பைச் சொருகி அதே விசையில இழுத்தா 94 நியூட்டன் மீட்டர். டிசைன் பேப்பர்ல படிச்ச வாய்ப்பாட்டைப் போடுங்க: முறுக்கு என்பது ஒரு மாறிலி, போல்ட்டோட இழுவிசை, விட்டம் மூணோட பெருக்கல். மாறிலி 0.2-னு வச்சா 25 நியூட்டன் மீட்டருக்கு போல்ட்டுல வர்ற இழுவிசை 15.6 கிலோ நியூட்டன். 94-க்கு 58 கிலோ நியூட்டனுக்கு மேல. 8.8 ரக எம்8 போல்ட் அறுந்து போறதே சுமார் 29-ல. ஒண்ணு போல்ட் அறுந்து பாதி உள்ளேயே நிக்கும், இல்ல வார்ப்பிரும்புல இருக்கற மரை மொத்தமா உருவிட்டு வரும். ரெண்டாவது நடந்தா கேசிங்கே மாத்தணும்.

தலையில எண்ணே இல்லாத போல்ட்டை 8.8-னு நம்பாதீங்க. வீட்டு பம்ப்ல நிறைய இப்படித்தான் வருது. அதுக்கு மேல சொன்னதுல பாதிக்கும் கம்மியான முறுக்கு போதும். இன்னொண்ணு, நீங்க கொடுக்கற முறுக்குல ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில உராய்வுலயும், 40 சதவீதம் மரை உராய்வுலயும் கரைஞ்சு போயிடும். போல்ட்டை உண்மையில இழுத்துப் பிடிக்கறது சுமார் 10 சதவீதம்தான். அதனால மரையில எண்ணெய் பூசினதும் கதை மாறும். மாறிலி 0.2-ல இருந்து 0.15-க்கு இறங்கினா அதே 25 நியூட்டன் மீட்டர் மூணுல ஒரு பங்கு கூடுதலா இழுக்கும். எண்ணெய் போட்டா கையைக் கொஞ்சம் அடக்குங்க. நாலு போல்ட்டையும் ஒண்ணொண்ணா முழுசா முறுக்காம, எதிரெதிரா, மூணு சுத்துல கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரு பக்கம் மட்டும் முதல்ல இறுகினா கேஸ்கெட் சாயும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் எதிர்ப்பக்கம் கசியும்.

சரி, பேரிங். அந்த அண்ணன் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்ததுல பெரிய குற்றம் இங்கேதான் இருந்தது. சின்ன மோட்டார்ல 6202, 6203 மாதிரி பேரிங் வரும். 6203-க்கு உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின்னாடி இசட் இசட்னு இருந்தா ரெண்டு பக்கமும் தகரத் தடுப்பு, கிரீஸ் உள்ளேயே அடைச்சு வந்திருக்கும். ரோட்டர் தண்டுல இருந்து பழசைக் கழட்ட மூணு கால் புல்லர் வேணும். விலை அதிகமாத் தெரிஞ்சா பட்டறையில ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்க, தருவாங்க. புல்லர் காலை உள் வளையத்துக்கு அடியில கொடுக்கணும்.

புதுசைத் தண்டுல ஏத்தும்போதுதான் நான் அந்தச் சுத்தியலை எடுத்தேன். பேரிங்கைத் தண்டு முனையில வச்சு, வெளி வளையத்தைச் சுத்திச் சுத்தித் தட்டினேன். அழகா இறங்கிச்சு. என்ன நடந்ததுன்னு யோசிங்க. இறுக்கமா உட்கார வேண்டியது உள் வளையம் தண்டு மேல. நான் அடிச்சது வெளி வளையம். அடி வெளி வளையத்துல இருந்து உள் வளையத்துக்குப் போகணும்னா நடுவுல ஒரே ஒரு வழிதான், குண்டுகள் வழியா. குண்டு ஓடுபாதையைத் தொடற இடம் ஊசிமுனை அளவு. அந்த இடத்துல சுத்தியல் அடி முழுசா இறங்கினா, கடினமாக்கின எஃகுலயே சின்னச் சின்னக் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுத்துக்கு மேல ஓடும்போது ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு குழியிலயும் ஏறி இறங்கும். மூணு வாரத்துல கரகர.

சரியான வழி எளிமையானது. தண்டு மேல ஏத்தறப்போ உள் வளையத்தை மட்டும் தள்ளணும். மூடிக்குள்ள இறக்கறப்போ வெளி வளையத்தை மட்டும். எது இறுக்கமோ அதைத் தள்ளு, அவ்வளவுதான். 6203-க்கு ஒரு புஷ் கடைஞ்சுக்கோங்க. உள்விட்டம் 17.5, வெளிவிட்டம் 23 மில்லிமீட்டர், உங்க தண்டு முனைக்கு ஏத்த நீளம். கணபதியோ பீளமேடோ ஆவாரம்பாளையமோ, ஒரு தெருவுக்கு ஒரு லேத் இருக்கற ஊர் இது, துண்டுக் கம்பியில கடைஞ்சு கொடுத்துடுவாங்க. அந்தப் புஷ்ஷை வச்சு மேல தாராளமாச் சுத்தியலால தட்டலாம். அதே சுத்தியல், அதே கை, அடி போற வழி மட்டும் மாறியிருக்கு.

இன்னும் சுலபமா வேணும்னா சூடு பண்ணுங்க. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். 25-ல இருந்து 80 டிகிரி செல்சியஸுக்கு ஏத்தினா 17 மில்லிமீட்டர் உள்விட்டம் சுமார் 11 மைக்ரான் பெருசாகும். இறுக்கமே சில மைக்ரான்தான், அதனால பாதி வேலை முடிஞ்சது. எரியற குண்டு பல்பு மேல பேரிங்கைக் கவுத்து வச்சா மெல்ல ஏறும். கிரீஸ் அடைச்ச பேரிங்கை 80-க்கு மேல கொண்டு போகாதீங்க. கேஸ் அடுப்புத் தீயில காட்டறது வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் நிறம் மாறிட்டா அந்த எஃகோட கடினம் போச்சு.

மெக்கானிக்கல் சீலுக்குக் கருவி உங்க விரல்தான், அதுவும் சோப்பு போட்டுக் கழுவின விரல். ஒரு கார்பன் முகமும் ஒரு செராமிக் முகமும் ஒண்ணை ஒண்ணு உரசி ஓடும். ரெண்டையும் மைக்ரானுக்குக் குறைவான சமதளத்துக்குத் தேய்ச்சு வச்சிருப்பாங்க. அங்கே ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் ஒழுகும். முகத்தைத் தொடாதீங்க, ஓரத்தைப் பிடிங்க. ரப்பர் பகுதிக்குச் சோப்புத் தண்ணி தடவி, பி.வி.சி. பைப் துண்டால நேரா அமுக்கி உள்ளே தள்ளுங்க. இங்கே சுத்தியலுக்கு வேலையே இல்ல. உப்புத் தண்ணி ஊர்ல இம்பெல்லர் காறை பிடிச்சு உள்ளே ஒட்டிக்கிட்டு வராது. ரெண்டு திருப்புளியை எதிரெதிரா வச்சு நெம்பத் தோணும், பித்தளை வளைஞ்சுடும். சில இம்பெல்லர்ல ரெண்டு மரைத் துளை இருக்கும். அதுல ரெண்டு போல்ட்டை ஏத்தி மாத்தி மாத்தி முறுக்கினா தானா வெளியே வரும். சர்க்கிளிப் இருந்தா அதுக்குன்னு இருக்கற பிளேயரை வாங்குங்க. துளைக்குள்ள இருக்கறதுக்கு ஒரு வகை, தண்டு மேல இருக்கறதுக்கு வேற வகை. கண்ணாடி போட்டுக்கங்க, அது தெறிக்கும்போது எங்கே போகும்னு யாருக்கும் தெரியாது.

எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கணும்னு இல்ல. நான் வாங்கின வரிசை: முதல்ல 8-ல இருந்து 17 வரைக்கும் காம்பினேஷன் ஸ்பேனர், அப்புறம் நல்ல ரெண்டாம் எண் ஃபிலிப்ஸ் திருப்புளி, அப்புறம் நைலான் தலைச் சுத்தியல், அப்புறம் சர்க்கிளிப் பிளேயர். டார்க் ரெஞ்ச் இன்னும் வாங்கல, டிபார்ட்மென்ட் லேப்ல கெஞ்சி எடுத்துட்டு வருவேன். எழுபது பீஸ் ஒரே பெட்டியில மலிவாக் கிடைக்குதுன்னு ஆன்லைன்ல பார்த்து மயங்காதீங்க, மென்மையான இரும்புல பண்ணின சாக்கெட் ஒரு தடவை விரிஞ்சா எழுபதும் அலங்காரம்தான். அதுக்குப் பதிலா உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில தேடிப் பாருங்க. துருப் பிடிச்சிருந்தாலும் பரவாயில்ல, ஸ்பேனர் வாயை ஒரு புது போல்ட் தலையில வச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இல்லைன்னா வாங்கலாம். வாயோட உதடு மின்னி வளைஞ்சிருந்தா விட்டுடுங்க. சாக்கெட் எடுத்தா பன்னிரண்டு மூலை வேண்டாம், ஆறு மூலை. அரத்துக்குப் பிடி இருக்கணும், பிடியில்லாத அரத்தோட கூர்வால் உள்ளங்கையில ஏறினவனை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு மட்டும் துடைச்சுப் பொட்டு வைக்கற பழக்கத்தை விட்டு, வேலை முடிஞ்சதும் எண்ணெய்த் துணியால துடைச்சு வைங்க.

மாட்டி முடிச்சதும் உடனே சுவிட்சைப் போடாதீங்க. ஃபேன் கவர் போடறதுக்கு முன்னாடி ஃபேனைக் கையால சுத்துங்க. ஒரே சீராச் சுத்தணும். ஒரு இடத்துல மட்டும் தட்டினா பின்பக்க மூடி லேசா சாஞ்சிருக்குன்னு அர்த்தம். நீள போல்ட்டுகளைக் கால் சுத்து இளக்கி, மூடியோட ஓரத்துல நைலான் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி, கையால சுத்திக்கிட்டே எதிரெதிரா மறுபடி முறுக்குங்க. எர்த் வயரை மாட்டிட்டோமான்னு ரெண்டாவது தடவை பாருங்க. பம்ப் உள்ளே தண்ணி ஊத்தி நிரப்பாம ஒரு நொடிகூட ஓட்டாதீங்க, சீல் முகம் ரெண்டும் தண்ணியிலதான் வழுக்குது, வறண்டா நிமிஷத்துல கருகும். முதல்ல பத்து நொடி ஓட்டி நிறுத்துங்க. சத்தம் கேளுங்க, சீல் இடத்துல விரல் நுனியால ஈரம் பாருங்க. அப்புறம் தொட்டி நிறையற வரைக்கும் ஓடட்டும்.

எங்க வீட்டு மோட்டாரை ரெண்டாவது தடவை பட்டறையிலதான், அந்த அண்ணன் பக்கத்துல நிக்க, நானே மாட்டினேன். இப்போ ஒண்ணரை வருஷம் ஆச்சு, ஓடிட்டு இருக்கு. முதல் தடவை நான் உருட்டின எம்8 போல்ட் ஹாஸ்டல்ல என் மேஜை மேல பேப்பர் வெயிட்டா இருக்கு. ஆறு மூலையில ரெண்டுதான் மிச்சம். பார்க்கணும்னா வாங்க, ரூம்மேட் வீடியோ பார்க்காத நேரமாப் பார்த்து.